வாசகர் கேள்வி: சென்னைக்கு உண்மையில் எத்தனை மணி நேரம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த பயணக் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தார்கள். அப்படிப்பட்டவற்றை ஒரே கேள்வியாக்கி விட்டோம்.

கேள்வி: கோலாலம்பூர் – சென்னை தூரம் ஓர் இடத்தில் 2,630 என்றும், இன்னோர் இடத்தில் 1,634 என்றும், மூன்றாவதில் 1,420 என்றும் இருக்கிறது. எதை நம்புவது? (வாசகர், லிந்தாங்)

பதில்: மூன்றும் சரிதான், அளவுதான் வேறு. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது கடல் மைல். விமானிகளும் மாலுமிகளும் கடல் மைலில்தான் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

இந்த எண் இரண்டு ஊர்களின் நடுப்பகுதியை வைத்து அளந்தது அல்ல. சிப்பாங்கில் இருக்கும் கேஎல்ஐஏ (கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம்) ஓடுபாதையிலிருந்து சென்னை மீனம்பாக்கம் ஓடுபாதை வரை, பூமிப்பந்தின் மேல் நூல் பிடித்தால் வரும் மிகக் குறுகிய தூரம். ஊர் நடுவிலிருந்து அளக்கும் இணையப் பக்கங்களில் சில பத்துக் கிலோமீட்டர் கூடும், குறையும். திருச்சிக்கு அதே முறையில் அளந்தால் சுமார் 2,690 கிலோமீட்டர். அதாவது சென்னையைவிடத் திருச்சி 60 கிலோமீட்டர்தான் தள்ளி. வரைபடத்தில் பார்த்தால் திருச்சி நமக்குப் பக்கம்போலத் தெரியும், ஆனால் அது மேற்கே உள்ளே தள்ளி இருப்பதால் கணக்கு இப்படி வருகிறது.

கேள்வி: விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள். 2,630-ஐ 900-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரம்கூட வரவில்லை. டிக்கெட்டில் நான்கு மணி நேரம் போட்டிருக்கிறதே, ஏன்? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: நம் ஊரில் அதிகம் பேர் தவறு செய்யும் இடம் இது. இந்தக் கணக்கை நம்பி அழைத்துப் போக வருகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து வெளியே காத்துக் கிடக்கிறார்கள்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்கும் வரைக்குமான நேரம் அது. கேஎல்ஐஏவில் நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவே 15 முதல் 20 நிமிடம் ஆகும். முன்னால் நான்கைந்து விமானங்கள் வரிசையில் நின்றால் இன்னும் கூடும். சென்னையில் இறங்கிய பிறகும் ஐந்து பத்து நிமிடம் ஊர வேண்டும்.

அடுத்து வேகம். சென்னைக்கும் திருச்சிக்கும் பெரும்பாலும் போவது ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள். இவை 35,000 அடி உயரத்தில் ஒலியின் வேகத்தில் சுமார் 78 விழுக்காட்டில் பறக்கும். அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர். 900-ஐ நெருங்குவது ஏர்பஸ் 330 போன்ற பெரிய விமானங்கள். அந்த 830-ஐ எட்டவும் ஏறி முடிக்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே 250 ‘நாட்’ (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. அது மணிக்கு 463 கிலோமீட்டர். ஏறுவதற்கு இருபது நிமிடத்துக்கு மேல், இறங்குவதற்கும் அதே அளவு. இந்த இரண்டு கட்டத்திலும் முழு வேகம் கிடைக்காது.

மூன்றாவது, வழி. விமானம் நூல் பிடித்த கோட்டில் போவதில்லை. வானில் வகுத்த பாதைகளில், குறித்த புள்ளி புள்ளியாகப் போகும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கேற்ற ஓடுபாதை முனையில் இறங்க, ஊரைச் சுற்றி வர வேண்டியும் இருக்கும். நூறு, நூற்றுப்பத்து கிலோமீட்டர் கூடுவது சாதாரணம். 2,740 கிலோமீட்டரை 830 வேகத்தில் போனால் 3 மணி 18 நிமிடம். ஏறி இறங்குவதில் இழப்பது 12 நிமிடம். ஊர்வதற்கு 25 நிமிடம். மொத்தம் 3 மணி 55 நிமிடம். டிக்கெட்டில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான்.

வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கக் கணக்கு தருகிறோம். கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, கிடைக்கும் மணி நேரத்தோடு 40 நிமிடம் சேருங்கள். சென்னை: 2,630 ÷ 800 என்றால் 3 மணி 17 நிமிடம், நாற்பதைச் சேர்த்தால் 3 மணி 57. கோத்தா கினபாலு 1,630 கிலோமீட்டர்: 2 மணி 42 நிமிடம். சிங்கப்பூர் 297 கிலோமீட்டர்தான்: பறந்து போக 22 நிமிடம், மொத்தம் ஒரு மணிக்குச் சற்று மேல். சிங்கப்பூர் விமானத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும், இருக்கைப் பட்டை விளக்கு அணைந்த கையோடு மறுபடி எரிந்துவிடும். தூரம் குறையக் குறைய அந்த 40 நிமிடம்தான் பயணத்தின் பெரும் பகுதி.

கேள்வி: போகும்போதும் வரும்போதும் நேரம் ஏன் மாறுகிறது? ஒரு தடவை திருச்சிக்குச் சொன்ன நேரத்துக்கு 25 நிமிடம் முன்னாடியே இறங்கிவிட்டார்கள். (வாசகி, சாலாக்)

பதில்: காற்றுதான் முதல் காரணம். ஐரோப்பா, வட இந்தியா பக்கம் மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று வேகமாக ஓடும். அதனால் அங்கே கிழக்கு நோக்கி வரும் விமானம் சீக்கிரம் வரும். நம் பாதை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தக் காற்று இங்கே எட்டுவதில்லை. மாறாக, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் பாய்கிறது. இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த கோட்டீஸ்வரம் 1950-களில் இதை விளக்கி எழுதினார். தரையில் தென்மேற்கிலிருந்து காற்று வீசும் அதே மாதங்களில் தலைக்கு மேலே எதிர்த் திசையில் ஓடுகிறது. ஆடி மாதத்தில் ஊருக்குப் போகிற விமானத்துக்கு அது பின்னாலிருந்து தள்ளுகிற கை. திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். அது பின்னால் இருந்தால் 2,740 கிலோமீட்டர் கடக்க 3 மணி 7 நிமிடம், எதிரே இருந்தால் 3 மணி 31 நிமிடம். வித்தியாசம் 24 நிமிடம்.

இரண்டாவது காரணம், நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போடும். வரிசையில் காத்திருக்காமல் கிளம்பிவிட்டால் அந்தத் தாராளம் முழுவதும் மிச்சம். ஆகவே சீக்கிரம் இறங்கியதை வைத்து, அடுத்த தடவையும் அப்படியே இறங்குவார்கள் என்று கார்க்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம் என்று பாட்டி சொல்கிறார். கைப்பேசி இரண்டரை என்கிறது. டிக்கெட்டில் இருக்கும் நேரம் எந்த ஊர் நேரம்? (மாணவி, சுங்கை சிப்புட்)

பதில்: பாட்டி சொல்வது அவர் காலத்துக்குச் சரி. 1981 டிசம்பர் 31 வரை தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது. இந்தியா ஐந்தரை. ஆக இரண்டு மணி வித்தியாசம். சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்குவதற்காக அன்றிரவு 11.30-க்குக் கடிகாரத்தை 12-ஆகத் திருப்பி வைத்தார்கள். 1982 ஜனவரி 1 முதல் நாம் எட்டு மணி, வித்தியாசம் இரண்டரை. (பாட்டிக்கும் மூத்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: ஜப்பானியர் ஆட்சியில் இங்கே டோக்கியோ நேரம்தான் நடந்தது.)

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது, சேரும் நேரம் சேரும் ஊருடையது. இரவு 10 மணிக்குக் கேஎல்ஐஏவில் கிளம்பி நான்கு மணி நேரம் பறந்தால் நம் கடிகாரத்தில் அதிகாலை 2 மணி, சென்னையில் அதே இரவு 11.30. டிக்கெட்டைப் பார்ப்பவருக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்போலத் தோன்றும். திரும்பும்போது தலைகீழ்: சென்னையில் இரவு 11.55-க்குக் கிளம்பினால், இங்கே மறுநாள் காலை 6.25. ஆறரை மணி நேரம் பறப்பதுபோலத் தெரியும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 15-ஆம் தேதி 00.30 மணி விமானம் என்றால், 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்று டிக்கெட்டை இழந்தவர்கள் கொஞ்சம் பேர் அல்ல. நள்ளிரவு தாண்டிய டிக்கெட் வாங்கினால், நாட்காட்டியில் முந்தின நாள் கட்டத்தில் ‘இன்று இரவு கிளம்பணும்’ என்று எழுதிவையுங்கள்.

இன்னொன்று கேட்காமலே சொல்கிறோம். கடிகாரத்தில் இரண்டரை மணி என்றாலும் சூரியக் கணக்கில் நமக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ 1 மணி 23 நிமிடம்தான். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், இடையே சுமார் 21 பாகை. நம் கடிகாரம் நம் சூரியனைவிட ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதனால்தான் சுங்கை சிப்புட்டில் ஏழு மணிக்கு விடிகிறது, சென்னையில் ஆறு மணிக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது. இங்கிருந்து போகிற பெரியவர்கள் முதல் நாள் அங்கே விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உடம்புக்குப் பெரிய குழப்பம் இல்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும்.

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் பெரியப்பா தவறிவிட்டார். செய்தி வந்த அன்றே கிளம்பியும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. நான்கு மணி நேரத்தில் போகிற ஊருக்கு ஏன் இப்படி ஆகிறது? இனி இப்படி ஒரு நிலை வந்தால் எந்த வழி வேகமானது? (வாசகர், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம்)

பதில்: உங்கள் இழப்புக்கு எங்கள் அனுதாபம். இதை விரிவாகவே சொல்கிறோம், பலருக்கும் தேவைப்படும்.

புதுக்கோட்டைக்குச் சென்னை வழி வேண்டாம், திருச்சிதான். திருச்சி விமான நிலையமே புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது. அங்கிருந்து புதுக்கோட்டை 50 கிலோமீட்டருக்குள், காரில் ஒரு மணி நேரம். தஞ்சாவூர், காரைக்குடி, நாமக்கல் போகிறவர்களுக்கும் இதே வழிதான். சென்னையில் இறங்கினால் புதுக்கோட்டைக்குத் தரை வழியில் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், ஆறேழு மணி நேரம். திருச்சிக்கு அன்று இடம் இல்லை, சென்னைக்கு உடனே இருக்கிறது என்றால்கூட, திருச்சிக்கு ஆறு மணி நேரம் கழித்து விமானம் இருக்குமானால் இரண்டும் ஒன்றுதான். டிக்கெட் வாங்கும் முன் இந்தக் கூட்டலைப் போடுங்கள்.

இப்போது வீட்டிலிருந்து எண்ணுவோம். ஆனால் முன்னோக்கி எண்ணாதீர்கள், கவுண்டர் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விமானம் இரவு 9.30 என்று வையுங்கள். வெளிநாட்டு விமானங்களுக்குக் கவுண்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே, அதாவது 8.30-க்கு மூடிவிடும். ஒரு நிமிடம் கழிந்தாலும் கெஞ்சிப் பயனில்லை. இந்தியப் பயணத்துக்கு விசாத் தாளைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள், கைப்பேசியில் முன்கூட்டியே செக்-இன் செய்தவரும் அதைக் காட்டியாக வேண்டும். வரிசைக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும், பெட்டி மூட்டை இருந்தால் இரண்டு. ஆக மாலை 6.30-க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து அங்கே 290 கிலோமீட்டர் அளவில் வரும். ஈப்போ உத்தாரா டோலில் ஏறினால் வழி காலியாக இருந்தால் மூன்றரை மணி. ஆனால் நீங்கள் தலைநகரைத் தொடுவது மாலை ஐந்து மணி நெரிசலில். ரவாங்கிலிருந்தே வண்டி நகராது. அதற்கு ஒரு மணி நேரம், சாப்பாட்டுக்கு நிற்பதற்கு அரை மணி. பிற்பகல் 1.30-க்குள் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

அந்தப் பக்கம்: திருச்சியில் இறங்குவது இந்திய நேரம் இரவு 11. குடிநுழைவு, பெட்டி, சுங்கம் முடித்து வெளியே வர ஒரு மணி நேரம். 12-க்குக் காரில் ஏறினால் புதுக்கோட்டையில் 1 மணி. நம் கடிகாரத்தில் அப்போது அதிகாலை 3.30. வாசலிலிருந்து வாசலுக்கு 14 மணி நேரம். அதில் விமானம் எடுத்தது நான்கு மணி நேரம். மீதி எல்லாம் சாலையிலும் வரிசையிலும்.

அதைவிடப் பெரிய தடை விசா. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் இந்தியாவுக்கு விசா இல்லாமல் போக முடியாது. செய்தி வந்த பிறகு இ-விசாவுக்கு விண்ணப்பித்தால் அன்றே கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. ஊரில் வயதான உறவினர் இருக்கிறவர்கள், குடும்பத்தில் ஒருவராவது நீண்ட காலத்துக்கான இ-விசாவை எப்போதும் கையில் வைத்திருப்பது நல்லது. ஓராண்டு, ஐந்தாண்டு விசாக்களும் உண்டு. கடப்பிதழில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்பதையும் தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, டிக்கெட்டும் அன்றே கிடைத்தால் மறுநாள் காலை நீங்கள் அங்கே இருக்கலாம். அந்த வீட்டாரிடம் ‘நான்கு மணி நேரத்தில் வந்துவிடுவேன்’ என்று சொல்லாமல், ‘நாளைக் காலை வருகிறேன், அதுவரை வைத்திருங்கள்’ என்று சொல்லுங்கள். அவர்கள் ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு செய்வதா வேண்டாமா என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

கேள்வி: சுங்கை சிப்புட் காரர்களுக்குப் பினாங்கு விமான நிலையம் நல்லதா, கேஎல்ஐஏவா? (வாசகர், ஜாலோங்)

பதில்: சென்னைக்குப் போகிறவர் என்றால் பினாங்கை முதலில் பாருங்கள். 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னை – பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. பினாங்கிலிருந்து சென்னை சுமார் 2,365 கிலோமீட்டர். கோலாலம்பூரைவிட 265 கிலோமீட்டர் குறைவு, வானில் இருபது நிமிட மிச்சம். உண்மையான மிச்சம் தரையில்தான். கோலாகங்சார் டோலில் ஏறி, பத்து காவானில் இறங்கி, இரண்டாவது பாலத்தில் போனால் பாயான் லெப்பாஸில் உள்ள பினாங்கு விமான நிலையம் சுமார் 140 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள். மாலையில் முதல் பாலத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர் நீளம், பார்க்கச் சுற்றுப்போலத் தெரிந்தாலும் விமான நிலையத்துக்கு அதுதான் பக்கம்.

கேஎல்ஐஏவின் பலம் எண்ணிக்கை. ஒரு விமானம் தவறினால் அடுத்தது அன்றோ மறுநாளோ இருக்கும், திருச்சிக்கும் நேரடியாகப் போகலாம். கார் ஓட்ட ஆள் இல்லாதவர்களுக்கு இடிஎஸ் மின்சார ரயில் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கிறது. கேஎல் சென்ட்ரலுக்கு ஏறத்தாழ மூன்று மணி, அங்கிருந்து விரைவு ரயிலில் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடம். நெரிசல் கவலையே இல்லை. பெருநாள் காலத்தில் நெடுஞ்சாலையை நம்புவதைவிட ரயிலை நம்பலாம், ஆனால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

எந்த முனையம் என்பதைப் புறப்படும் முன் டிக்கெட்டில் பாருங்கள். ஏர் ஆசியா இரண்டாம் முனையம். முனையம் மாறி இறங்கிவிட்டால் பதற வேண்டாம், இரண்டுக்கும் இடையே ரயிலில் மூன்று நிமிடம்தான். பெட்டியோடு மேடை ஏறி இறங்க எல்லாம் சேர்த்து அரை மணி வையுங்கள்.

கேள்வி: இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் தூரத்தை நாமே கணக்கிட முடியுமா? கணிதத் திட்டப்பணிக்காகக் கேட்கிறேன். (ஐந்தாம் படிவ மாணவர்)

பதில்: முடியும். உங்கள் அண்ணன், அக்காமாரிடம் கேளுங்கள். பழைய பாடத்திட்டத்தில் ஐந்தாம் படிவத்தில் ‘பூமி ஒரு கோளம்’ என்று ஒரு தலைப்பே இருந்தது.

கேஎல்ஐஏ: வடக்கு 2.75, கிழக்கு 101.71. சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17. அட்சரேகை வித்தியாசம் 10.24 பாகை. ஒரு பாகை 111 கிலோமீட்டர், ஆக 1,137. தீர்க்கரேகை வித்தியாசம் 21.54 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் இதை 111-ஆல் மட்டும் பெருக்கக் கூடாது, நடு அட்சரேகையின் கோசைனாலும் பெருக்க வேண்டும். நடு அட்சரேகை 7.87 பாகை, அதன் கோசைன் 0.9906. 21.54 × 111 × 0.9906 = 2,368. இப்போது பித்தாகரஸ்: இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,627. கோள முறையில் சரியாகச் செய்தால் 2,629. இரண்டே கிலோமீட்டர் வித்தியாசம்.

இந்தக் குறுக்கு வழியை லண்டனுக்குப் போட்டுப் பார்த்தால் 11,450 கிலோமீட்டர் வரும், உண்மையில் சுமார் 10,600. தூரம் நீண்டு, வடக்கே போகப் போகப் பூமியின் வளைவு கணக்கைக் கெடுத்துவிடுகிறது. உங்கள் திட்டப்பணியில் இந்த இரண்டு ஊர்களையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுங்கள். ஆசிரியர் கேட்கப்போகிற கேள்வியே அதுதான்.

கேள்வி: மகள் லண்டனில் படிக்கிறாள். சுவர் வரைபடத்தில் அரபு நாட்டு வழியாக நேர்கோடு போட்டுப் பார்க்கிறேன், அவளோ வடக்கே வளைந்து போவதாகச் சொல்கிறாள். (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: மகள் சொல்வதே சரி. தட்டை வரைபடத்தில் நேராகத் தெரிவது பந்தின் மேல் சுற்றுவழி. பள்ளிக்கூட பூகோள உருண்டையில் கோலாலம்பூரையும் லண்டனையும் ஒரு நூலால் இழுத்துப் பிடியுங்கள். நூல் வங்கக் கடலைத் தாண்டி, ஒடிசாக் கரைப் பக்கம் ஏறி, நடு ஆசியா வழியே போகும். போர் நடக்கும் இடங்களையும் மூடிய வான்வெளிகளையும் விலக்கி விமானங்கள் தெற்கே தள்ளிப் போவதும் உண்டு. பயணம் சுமார் 14 மணி நேரம். நேர வித்தியாசம் குளிர்காலத்தில் 8 மணி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 7 மணி.

கேள்வி: மதுரைக்குப் போக, சென்னையில் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுத் தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கலாமா? மலிவாக வருகிறது. (வாசகர், கோலாகங்சார்)

பதில்: வேண்டாம். சென்னையில் இறங்கியதும் குடிநுழைவு, பெட்டி எடுத்தல், சுங்கம் எல்லாம் முடிக்கவே ஒன்றரை மணி ஆகிவிடும். ஒரே டிக்கெட்டாக வாங்கினாலும் இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டித்தான் மறுபடி போட வேண்டியிருக்கும். பிறகு உள்நாட்டு முனையத்துக்குப் போக வேண்டும். உள்நாட்டு விமானத்தின் கவுண்டரும் முன்கூட்டியே மூடும். முதல் விமானம் அரை மணி தாமதித்தால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். தனித்தனி டிக்கெட் என்பதால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. குறைந்தது ஐந்து மணி இடைவெளி விடுங்கள்.

அதைவிட நல்ல வழி, திருச்சியில் இறங்கிக் காரில் போவது. மதுரை சுமார் 135 கிலோமீட்டர், நான்கு வழிச் சாலை, இரண்டரை மணி நேரம். சென்னையில் காத்திருக்கும் நேரத்தில் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: திருச்சி விமானம் இலங்கைக்கு மேலாகவா போகிறது? எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன தெரியும்? (ஏழு வயதுப் பேரனுக்காகக் கேட்கும் தாத்தா, சாலாக்)

பதில்: நூல் பிடித்த கோடு கேஎல்ஐஏவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்ராவின் வடமுனையில் அச்சேயைத் தொட்டு, வங்கக் கடலுக்குள் இறங்குகிறது. பிறகு இரண்டு மணி நேரத்துக்கு வெறும் தண்ணீர். பேரனைத் தூங்கச் சொல்லலாம். இலங்கையின் வடமுனைக்குச் சற்று மேலே கடந்து, வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டுக் கரையைத் தொடுகிறது. பாதை அன்றன்று கொஞ்சம் விலகலாம். இடப்பக்கச் சன்னலில் பருத்தித்துறை, யாழ்ப்பாணப் பக்கம். வலப்பக்கச் சன்னலில் வேளாங்கண்ணி, நாகப்பட்டினம். இரவு விமானமாக இருந்தால், தரை தொடுவதற்குச் சுமார் இருபது நிமிடம் முன் விமானம் இறங்கத் தொடங்கிக் காது அடைக்கும்போது பேரனை எழுப்பிவிடுங்கள். இருட்டுக் கடலின் விளிம்பில் வரிசையாகத் தெரியும் முதல் விளக்குகள் அந்தக் கரையினுடையவை.